லாயர் வீட்டில் இல்லாத பத்திரம்

"அம்மா, உங்க மேரேஜ் சர்ட்டிபிகேட் எங்க இருக்கு? அப்பாவோட பேப்பர் வேலைக்குக் கேக்குறாங்க" என்று மகன் ரூபன் ஷா ஆலமிலிருந்து போனில் கேட்டபோது சாரதா டீச்சர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"தேடிப் பாக்குறேன்யா" என்றார்.

போனை வைத்துவிட்டு மறுபடியும் வெங்காயத்தைத்தான் அரிந்தார். அலமாரியைத் திறக்கவில்லை, பெட்டியை இழுக்கவில்லை. தேடினால் கிடைக்கிற பொருள் அல்ல அது. அப்படி ஒரு சான்றிதழே இல்லை என்பது இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் போய்ச் சேர்ந்து அன்றோடு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

போனவர் லாயர் நாகரத்தினம். இந்தக் கேமரன் மலையில் வேறு வக்கீல்களே இல்லையா என்றால், இருந்தார்கள். ஆனால் ரிங்லெட்டில் தொடங்கி கம்போங் ராஜா வரைக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் போய் வெறுமனே 'லாயர்' என்று சொன்னாலும் இவரைத்தான் காட்டுவார்கள். குள்ளமான மனிதர். கோர்ட்டில் பேசும் குரலைவிட கோழிக்கறிக்குக் காரம் போதவில்லை என்று சொல்லும் குரல் பெரிது.

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், மேல் டிவிஷன் தொழிலாளர் லயத்து வீடு ஒன்றில் பிறந்தவர். இவருடைய ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா மணியம்மா கொழுந்து பறித்து வளர்த்தாள். பத்தொன்பது வயதில் அதே தோட்டத்தின் தேயிலை ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் மணியம்மாவுக்கு நிறைவுதான். லயத்துப் பிள்ளை கிராணியாவதே அப்போது பெரிய விஷயம். இவரோ லண்டனிலிருந்து தபாலில் பாடம் வரவழைத்துச் சட்டம் படிக்கத் தொடங்கினார். மலைக் குளிருக்கு விரல் விறைத்துப் போகும் என்பதால் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார். "கிராணி புத்தகத்தையும் சேத்து வறுக்கிறாரு" என்று ஆலை ஆட்கள் கேலி பேசினார்கள். பரீட்சையில் இரண்டு முறை கவிழ்ந்தார். முப்பத்தெட்டாவது வயதில்தான் கறுப்புக் கோட்டு கிடைத்தது.

ஆபீஸ் ரிங்லெட்டில், சேக் தாவூத்தின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். வாடகைக்கு வந்தவர், சேக் தாவூத்தின் மகள் மஜீதாவையே குமாஸ்தாவாகவும் வைத்துக்கொண்டார். கீழே ரொட்டி சானாய் தட்டும் சத்தத்துக்கு இடையில்தான் மேலே வழக்குப் பேச்சு நடக்கும். வாரத்தில் ஐந்து நாள் நில வழக்கு, விபத்து வழக்கு என்று பிழைப்பு. சனிக்கிழமை பிழைப்பு கிடையாது. அன்றைக்கு ஒரு மடக்கு மேசையைக் காரில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய்விடுவார். காலையில் பெரட்டு எடுத்து ஆட்களை வேலைக்கு அனுப்பும் கொட்டகையில் மேசையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பிறப்புப் பதியாதவர்கள், அடையாள அட்டை தொலைத்தவர்கள், கிழிந்த காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் அந்த மேசைக்கு வந்தார்கள். பொழுது சாயும்போது மடக்கு மேசையோடு இரண்டு முட்டைக்கோசும் ஒரு கட்டு வெங்காயத்தாளும் காரில் ஏறும். அந்த வீட்டில் முட்டைக்கோசுப் பொரியல் எத்தனை முறை செய்யப்பட்டது என்பது சாரதா டீச்சருக்கு மட்டுமே தெரிந்த கொடுமை.

அந்த மேசையில் அவர் அதிகம் மல்லுக்கட்டியது கல்யாண விஷயத்தில்தான்.

தோட்டத்துக் கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடக்கும். தாலி ஏறியதும் கோயில் செயலாளர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைப்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். உடனே ஒரு பத்திரம் கையில் கிடைக்கும். மேலே அம்மன் படம், கீழே கோயில் முத்திரை. லயத்து வீடுகளில் அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பார்கள். அதுதான் கல்யாணப் பதிவு என்று மலை முழுக்க நம்பிக்கை. பதிவிலாகாவுக்குப் போய் அரசாங்கப் பதிவு செய்ய வேண்டும் என்று எண்பத்திரண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. லயத்துக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை. தாயும் தகப்பனும் குடியுரிமை உள்ள நீல அட்டைக்காரர்களாக இருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரியாமலே ஓடிவிடும். தாய் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரி என்றால் பிள்ளை பிறந்த அன்றைக்கே மாட்டிக்கொள்ளும். பதியாத கல்யாணத்துப் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை வராது. தாயின் நிலைதான் பிள்ளைக்கும்.

"தாலிக்கு அம்மன் சாட்சி. பதிவுக்கு சர்க்கார் சாட்சி. பிள்ளைக்கு ரெண்டும் வேணும்லா" என்று மேசையைத் தட்டிச் சொல்வார் நாகரத்தினம். பிடித்த பிடியில் நின்று நூற்று நாற்பது ஜோடிகளுக்கு மேல் தானா ராத்தாவிலிருக்கும் பதிவிலாகாவுக்குத் தம் காரிலேயே ஏற்றிப்போனார். பேரப்பிள்ளை எடுத்தவர்களும் அதில் உண்டு. திரும்பி வரும்போது "புது மாப்பிள்ளை, புதுப் பொண்ணு, வாங்க" என்று சேக் தாவூத் கடையில் உட்காரவைத்து டீயும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துக் கேலி செய்வார்.

இப்பேர்ப்பட்டவர் தம் கல்யாணத்தைப் பதியவில்லை.

எண்பத்தெட்டில் அவருக்கும் சாரதாவுக்கும் கல்யாணம் நடந்தபோது அவர் வெறும் கிராணி. அவருக்கும் சட்டம் தெரியாது. மேல் டிவிஷன் கோயிலில் தாலி கட்டினார். புத்தகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மன் படம் போட்ட பத்திரம் வீட்டுக்கு வந்தது. எட்டு வருடம் கழித்து, கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"சாரதா, சங்கதி தெரியுமா? சர்க்கார் கணக்குல நீ இன்னும் கன்னிப்பொண்ணு."

விஷயத்தை விளக்கினார். ஒரு நாள் லீவு போட்டால் தானா ராத்தா போய் மனு கொடுத்துவிட்டு வரலாம், இருபத்தொரு நாள் கழித்து இன்னொரு தடவை போனால் வேலை முடிந்தது என்றார்.

"அது என்ன இருபத்தொரு நாள்?"

"நோட்டீஸ் பலகையில பேரையும் போட்டோவையும் ஒட்டிவைப்பாங்க. யாருக்காச்சும் ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்."

சாரதாவின் முகம் மாறிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா மலையடிவாரத்துத் தாப்பாவில் தமிழ்ப்பள்ளித் தலைமை ஆசிரியர். கொழுந்து பறிப்பவளின் மகனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர். மகள் கேட்காமல் மலையேறி வந்து தாலி கட்டிக்கொண்டபோது, "அதெல்லாம் ஒரு கல்யாணமா?" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். சாகும்வரை மகள் வீட்டுப் படி ஏறவில்லை. அது ஒரு கல்யாணம்தான் என்று உலகத்துக்குக் காட்டத்தான் சாரதா அத்தனை ஒழுங்காகக் குடும்பம் நடத்தினார். மாமியாரைப் பார்த்துக்கொண்டார், தோட்டத்துப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தார், ஒருவர் விரல் நீட்டிப் பேச இடம் கொடுக்கவில்லை. இப்போது அது சட்டப்படி கல்யாணமே இல்லை என்று போட்டோ போட்டு ஒட்டுவார்களாம்.

"ஒரு பிள்ள பெத்தப்புறம் போர்டுல என் போட்டோவா? எங்கப்பா காதுக்குப் போனா என்ன நெனைப்பாரு? வேணாங்க. இந்தப் பேச்ச விடுங்க."

விட்டார். சாரதாவின் அப்பா இறந்த பிறகு இன்னொரு முறை கேட்டார். "அவர் செத்ததும் ஓடிப்போய் எழுதிக்கணுமா?" என்று சாரதா அழுதார். அதோடு அதையும் விட்டார்.

வீட்டில் எதற்குமே நாகரத்தினம் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. மணியம்மா வாதம் வந்து ஐந்து வருடம் படுத்துக்கிடந்தாள். காலையில் அவளைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, சடை பின்னி உட்காரவைத்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போவார். கேமரனில் துவைத்த துணி என்றைக்கு ஒழுங்காகக் காய்ந்திருக்கிறது? மூன்று நாளானாலும் சேலையில் ஈரம் நிற்கும். சாரதா ஈரச் சேலையோடு பள்ளிக்கூடம் போய் இருமக்கூடாது என்று விடிந்ததும் இஸ்திரிப் பெட்டியோடு நிற்பார். டீச்சர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நாட்களிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. மாசி மாதம் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வளைவுகளிலேயே, ஆம்புலன்சில், உயிர் போய்விட்டது. வயது அறுபத்தேழு.

ரூபன் போன் பண்ணிய மறுநாள் மஜீதா வந்தாள். அவளுக்கும் ஐம்பது ஆகிறது. கையில் ஓர் உறையும் ஒரு கோப்பும் இருந்தன.

"ரூபன் எங்கிட்டயும் கேட்டாப்ல டீச்சர். அந்த சர்ட்டிபிகேட்டுக்கு அலைய வேணாம்னு சொல்லிட்டேன். சார் உயில் எழுதி வெச்சிருக்காரு" என்று உறையை நீட்டினாள். "எந்த ஆபீஸ்லயும் டீச்சர்கிட்ட கல்யாணப் பேப்பர் கேக்குற மாதிரி வரக்கூடாதுன்னு சொல்லித்தான் எழுதுனாரு. வீடு, நெலம் எல்லாத்துலயும் உங்க பேரயும் ஐசி கார்டு நம்பரயும் போட்டுருக்காரு."

சாரதா டீச்சர் உறையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். கணவர் இரண்டாம் முறை கேட்டு, தான் அழுது மறுத்த அதே வாரம். கோபித்துக்கொண்டார் என்றல்லவா அந்த வாரம் முழுக்க நினைத்திருந்தார். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல், மறுத்தவளுக்குக் கெடுதல் வராதபடி வழி பண்ணிவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"உனக்குத் தெரியுமா மஜீதா?"

"உயில டைப் பண்ணுனதே நாந்தான் டீச்சர். கேக்கக்கூடாதுன்னு கேக்கல." ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்று டீச்சர் போட்டிருந்த கணக்கு தப்பாகிவிட்டது. மஜீதா அதைப் பெரிதுபண்ணாமல் கோப்பைத் திறந்தாள். "இது மோகனாவோட ஃபைல். இதுக்குத்தான் வந்தேன்."

மோகனாவை டீச்சருக்குத் தெரியும். அவரிடம் படித்த பெண். மேல் டிவிஷன் கோயில் செயலாளர் ராமையாவின் ஒரே மகள். அம்மா வேலாயி அதே தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாததால் சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டவள். மோகனா கல்லூரிக்கு முந்தின ஆறாம் படிவம் வரை நன்றாகப் படித்தாள். நர்சுக்குப் படிக்கக் கேட்டால் எல்லா இடத்திலும் நீல அட்டை கேட்டார்கள். இப்போது பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிக்கிறாள்.

"வர்ற செப்டம்பர்ல இருபத்தொண்ணு ஆகுது. அதுக்குள்ள மனு போட்டாத்தான் உண்டு. அப்புறம் இந்தக் கதவச் சாத்திருவாங்க" என்றாள் மஜீதா. "ரெண்டு தடவ போட்டோம். அப்பா அம்மா கல்யாணம் பதியலன்னு திரும்பி வந்துருச்சு. தாப்பாவுல வேற லாயர் எடுத்து நடத்துறேன்னு சொல்லிட்டாரு. ஆனா ராமையா பதிய மாட்டேங்குறாரு டீச்சர். சார் மூணு வருஷமா நடையா நடந்தாரு."

"ஏன் மாட்டேங்குறாராம்?"

"கோயில் பத்திரத்த எழுதிக் குடுக்குறதே அவருதானே? இப்ப அவரே போயி போர்டுல பேர ஒட்டுனா, அவரு குடுத்த பத்திரமெல்லாம் பொய்யுன்னு ஆயிருமாம். ஊரு காறித்துப்புமாம்." மஜீதா கொஞ்சம் தயங்கினாள். "அவர மடக்குறதுக்கு எங்கிட்ட ஒரே ஒரு வார்த்த இருக்கு மஜீதான்னு சார் சொல்லுவாரு. சொல்லுங்களேன் சார்னு கேட்டேன். அது என் வார்த்த மட்டும் இல்லம்மா, சொல்றதுக்கு எனக்கு உரிமை கெடையாதுன்னுட்டாரு."

மூன்று வருடத்துக்கு முன்னால் கணவர் மூன்றாம் முறையாகக் கேட்டது டீச்சருக்கு நினைவுக்கு வந்தது. வெறும் பதிவை மட்டும் கேட்கவில்லை அந்த முறை. "நாமளும் போய்ப் பதிஞ்சிருவோம் சாரதா. நம்ம கதையையும் ராமையாகிட்டச் சொல்லிர்றேன். அந்தப் புள்ளைக்காக" என்றார். டீச்சர் என்ன பதில் சொன்னார்? "சொன்னீங்கன்னா நான் இந்த மலையில தல காட்ட முடியாது" என்றார். அப்போதே ஓய்வு பெற்றுவிட்டவர், எந்த வகுப்பில் போய்த் தலை காட்டப்போகிறார் என்று நாகரத்தினம் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்.

அந்தச் சனிக்கிழமை மேல் டிவிஷன் கோயில் மண்டபத்தில் லாயருக்கு நினைவுக் கூட்டம். ஏற்பாடு எல்லாம் ராமையாதான். நாற்காலி, பந்தல், படத்துக்கு மாலை, சாப்பாட்டுக்கு மீகூன் என்று ஆள் ஓடியாடி வேர்த்துப் போயிருந்தார். அவர் லாயரின் மேல் வைத்திருந்த மரியாதையில் பொய் கிடையாது. மேடையில் பேச வந்தவர்கள் புகழ்மாலையை அவிழ்த்து விட்டார்கள். லாயரின் காரைக் கண்டதும் பின்பக்க வேலி வழியாக ஓடி ஒளிந்த ஆசாமிகள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராமையா ஒலிபெருக்கியைப் பிடித்து, "எத்தன குடும்பத்துக்கு லாயர் சார் ரெஜிஸ்டர் பண்ணி வெச்சாரு. சட்டம்னா என்னன்னு நமக்குக் காட்டுனவரு. அவர் வீட்டுல எல்லாமே சட்டப்படிதான்" என்றார்.

டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்து அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தார். எழுந்து போய் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். இருநூறு முகங்கள். அதில் பாதி அவர் கையைப் பிடித்து எழுதிக் கொடுத்த முகங்கள். "எல்லாருக்கும் நன்றி. சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். துக்கத்தில் பேச முடியவில்லை என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுக்கொட்டல் அவருக்கு அவமானமாக இருந்தது.

கூட்டம் கலைந்தது. மஜீதா காரை எடுத்து வந்தாள். டீச்சர் ஏறி உட்கார்ந்தார். கோயில் வளைவைத் தாண்டும்போது, "நிப்பாட்டு மஜீதா" என்றார். இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேயிலைச் சரிவை ஒட்டிய படிகளில் லயத்துக்கு இறங்கினார். மூட்டுவலிக்காரர். ஐம்பது படியும் அவருக்கு ஐந்நூறாகத் தெரிந்தது.

ராமையா அப்போதுதான் வீடு வந்து சட்டையைக் கழற்றியிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் பதறிப்போய் மாட்டிக்கொண்டார். வேலாயி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோகனா வேலைக்குப் போயிருந்தாள். சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய கோயில் பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே டீச்சர்" என்றார் ராமையா.

"நான்தான் வரணும். மேடையில வாய் வரல, அதான் இங்க வந்தேன். ராமையா, நீங்க லாயர் வீட்டுல எல்லாமே சட்டப்படின்னு சொன்னீங்க. எங்க கல்யாணம் பதியல."

ராமையா சிரித்தார். பிறகு வேலாயியைப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "மோகனாவுக்காகச் சொல்றீங்க டீச்சர். அதுக்காக செத்தவரு பேருல பொய் சொல்லாதீங்கலா."

"எங்க வீட்டுல இருக்குறதும் இதே பத்திரந்தான்" என்று டீச்சர் சுவரைக் காட்டினார். "கோயில் பழைய புஸ்தகம் உங்க பொறுப்புலதான இருக்கு, போயி எண்பத்தெட்டப் பாருங்க. என் கையெழுத்து இருக்கும். அதத் தவிர வேற எங்கயும் கெடையாது. அவர் மூணு தடவ என்னயக் கூப்பிட்டாரு. நான்தான் வரமாட்டேன்னேன். உங்களுக்கு இருக்குற அதே வெக்கந்தான். உங்ககிட்டச் சொல்லட்டுமான்னும் கேட்டாரு. அதுவும் வேணாம்னேன். அதனாலதான் அந்த மனுசன் மூணு வருஷம் உங்க வீட்டு வாசல்ல வாயக் கட்டிக்கிட்டு நின்னாரு."

வேலாயி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"கோயில் பத்திரம் பொய்யின்னு யாரு சொன்னா? அம்மன் முன்னாடி நடந்தது நடந்ததுதான். முப்பத்தேழு வருஷம் அந்தப் பத்திரத்த வெச்சுத்தான் வாழ்ந்தேன்" என்றார் டீச்சர். "ஆனா இன்னிக்கு எந்த ஆபீஸ்லயாவது போயி நான் அவரோட பொண்டாட்டின்னு சொன்னா, காட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இனிமே வாங்கவும் முடியாது, ஆளு இல்லையே. உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் முடியும் ராமையா. யாராவது கேட்டா டீச்சருக்கே இந்தக் கதிதான்னு என் பேரச் சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க."

ராமையா தலையைக் குனிந்துகொண்டார். முதலில் வாயைத் திறந்தவள் வேலாயி. இருபத்தைந்து வருடத்தில் புருஷனுக்கு முன்னால் அவள் முந்திப் பேசி டீச்சர் பார்த்ததில்லை.

"திங்கக்கெழம நான் வேலைக்குப் போகல. தானா ராத்தா போறேன். நீங்க வந்தா வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை ராமையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மனுக் கொடுத்தார்கள். போட்டோவும் பெயரும் பலகையில் ஏறின. அந்த இருபத்தொரு நாளில் டீச்சர் ரூபனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். "அப்பா இத எங்கிட்டக்கூடச் சொன்னதில்லையேம்மா" என்றான் ரூபன். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே டீச்சருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

குறித்த நாளில் ராமையா, வேலாயி, சாட்சிக் கையெழுத்துக்கு சாரதா டீச்சர், மஜீதா, அன்றைக்கு லீவு போட்ட மோகனா என்று ஐந்து பேரும் மஜீதாவின் காரில் இடித்துக்கொண்டு போனார்கள். பதிவிலாகாவுக்குள் நுழைந்ததும் டீச்சரின் கண் பலகையைத் தேடியது. எங்கும் காணவில்லை. கேட்ட பிறகு காட்டினார்கள். கழிவறைக்குப் போகும் வழியில், திறந்து வைத்த கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவை இழுத்தால்தான் தெரியும். ஏழெட்டு ஜோடிகளின் காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. ராமையாவின் முகத்தில் பாதியை ஒரு சீன ஜோடியின் காகிதம் மறைத்திருந்தது. வருகிறவர்களும் போகிறவர்களும் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்களே தவிர ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் மட்டும் அங்கே நெடுநேரம் நின்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி மலாய்க்காரப் பெண்மணி. சிரித்த முகம். சம்மதமா என்று மலாயில் கேட்டதும் ராமையா பெரட்டில் பேர் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து நின்று "யா, புவான்" என்று உரக்கச் சொன்னார். மோகனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலாயி மெதுவாகச் சொன்னாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி இடத்தில் டீச்சர் போட்டார், மஜீதா போட்டாள். முத்திரை விழுந்தது. அதிகாரி சான்றிதழை ராமையாவின் கையில் கொடுத்து வாழ்த்துச் சொன்னார். மஜீதா உடனே மோகனாவைக் கூட்டிக்கொண்டு நகல் எடுக்கப் போய்விட்டாள். தாப்பா லாயருக்கு அன்றைக்கே அனுப்ப வேண்டும். ராமையா சான்றிதழைத் தராமல் அவள் பின்னாலேயே போனார்.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே வந்தபோது பத்தேகால். இப்போது பத்து முப்பத்தைந்து. தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கணவர் செத்த அன்றைக்கும் அழாத அழுகையாக அழுதார்.

வேலாயி பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏன் டீச்சர் அழறீங்க? எல்லாம் நல்லபடியாத்தான முடிஞ்சிருக்கு?"

"நல்லபடியா முடிஞ்சிருச்சு வேலாயி" என்றார் டீச்சர். "இருபது நிமிசந்தான்னு தெரியாமப் போச்சு. மூணு தடவ கூப்பிட்டாரு."